இரண்டாவது பூட்ஸ்

அந்த வீட்டில் காலையில் கேட்கும் சத்தங்களை அவள் கண்ணை மூடிக்கொண்டே வரிசையாகச் சொல்லிவிடுவாள். குளியலறைக் குழாய். அலமாரிக் கதவு. பையின் ஜிப். பிறகு வாசலோரம் கிடக்கும் குட்டை ஸ்டூல் தரையில் இழுபடும் ஓசை. கணவன் அதில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸை மாட்டுவான். இடது கால் முதலில், வலது கால் பிறகு. கயிறு கட்ட ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் கதவு. அதன்பின் ஒன்றுமில்லை.

இந்த வரிசையில் எங்கும் ஒரு வார்த்தை கிடையாது. பல மாதமாக இப்படித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. என்ன பெயர் வைப்பது என்று இருவரும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்டிக் வளையத்தில் தாயான அவள் பெயரைப் போட்டு, ‘இவருடைய குழந்தை’ என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான் அந்தக் குழந்தை பற்றிய எழுத்து.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். முதலில் ‘தூங்கினியா?’ என்று அவன் கேட்பது நின்றது, பதில் இருவருக்கும் தெரியும் என்பதால். பிறகு ‘சாப்பிட வாங்க’ நின்றது. தட்டை வைக்கும் ஓசையே போதுமாக இருந்தது. விளக்கை அணைக்கவா என்பது நின்றது. கடைசியில் கதவைத் திறக்கும்போது அவன் சொல்லும் ‘வரேன்’ நின்றது. அது எந்தத் தேதியில் நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஒருநாள் கவனித்தபோது அது இல்லாமல் பல நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் எதையும் உடைக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வெளியே வைத்தார்கள், அவ்வளவுதான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருட சர்வீஸ். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் பொக்கை வாய்களின் அச்சைப் பிளாஸ்டரில் எடுத்து, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பெட்டிமேல் எண் மட்டும் இருக்கும். சின்னச் சுடரில் மெழுகை இளக்கி, மேல் தாடைக்குப் பதினான்கு, கீழ்த் தாடைக்குப் பதினான்கு என்று பற்களை ஒவ்வொன்றாக அதில் நட்டு வைப்பது அவள் வேலை. நாள் முழுக்க வாய்களோடுதான் அவளுக்குப் பிழைப்பு. அந்த வாய்களில் எதுவும் அவளிடம் பேசியதில்லை. அது வசதியாகவே இருந்தது.

மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வந்தார். கணவனுக்கு மூத்தவர். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக் இருக்குமே, அதன்மேல் எப்போதும் காலை வைத்திருப்பதால் அவரிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் ‘பிரேக் அக்கா’. வீட்டுக்குள் வந்தும் அந்தக் கால் சும்மா இருக்காது. யாராவது ஏடாகூடமாகப் பேசினால் தரையை ஓங்கி மிதிப்பார்.

தம்பி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் நேராகக் குளிர்சாதனப் பெட்டியின் முன் போய் நின்றார். அதன் கதவில் காந்தத்தால் ஒரு படிவம் ஒட்டியிருந்தது.

“இதப் படிச்சியா?”

“படிச்சேன் அண்ணி.”

கம்பெனி அவனை வேறு ஊருக்கு இரண்டு வருடம் அனுப்புகிறது. தனியாக வருகிறாரா, குடும்பத்துடனா? குடும்பத்துடன் என்றால் உடன் வருபவரின் பெயர், வயது, உறவு. தனியாக என்றால் ஒற்றை அறை. முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும். அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை ஒட்டிவிட்டுப் போனான். அவள் ஒரு வார்த்தையும் கேட்காமல் படித்துவிட்டாள்.

“அவன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ‘அவ வருவான்னு தோணலக்கா, தனியான்னே எழுதிடலாம்னு இருக்கேன்’கிறான். உங்கிட்ட கேட்டானா?”

“இல்ல.”

“நீ கேட்டியா?”

“இல்ல.”

நாத்தனார் தரையை மிதித்தார். “நல்ல ஜோடி! ரெண்டு ஊமைக்கோட்டானையும் புடிச்சு ஒரே கூண்டுல போட்டு வெச்சிருக்கு. ஏம்மா, அவன் தனியாப் போயிட்டா திரும்பி வருவான்னு நினைக்கிறியா? போற மாதிரி போவான், அப்படியே அங்கேயே நின்னுடுவான். என் தம்பி எனக்குத் தெரியாதா? நீ சொல்லு, அவன் போனா உனக்கு எப்படி இருக்கும்?”

அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஈறை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அதுபோல அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவன் இல்லாத வீடு. ஸ்டூல் இழுபடாத காலை. ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

“தெரியல அண்ணி,” என்றாள்.

நாத்தனார் கோபப்படவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு வண்டியப் பாத்தாலே கை கால் உதறும். முதல் நாள் நான் சாவியே குடுக்க மாட்டேன். சீட்ல உக்காரு, பெல்ட்டப் போடு, கண்ணாடியத் திருப்பிச் சரி பண்ணு. இன்னிக்கு இது போதும், இறங்கு. அவ்வளவுதான். ‘இதுக்கா லீவு போட்டுட்டு வந்தேன்’னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துடுச்சு. இப்ப அந்தம்மா லாரி ஓட்டுது.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியம். அவன்கிட்ட. கேள்வி வேணாம். கேட்டா அவன் பதில் சொல்லணும், சொல்லமாட்டான், உனக்கு விட்டுப்போயிடும். குழந்தையப் பத்தி வேணாம். இந்தக் காயிதத்தப் பத்தி வேணவே வேணாம். கேஸ் தீருது, மழை வர்ற மாதிரி இருக்கு. அவ்வளவுதான். சொல்லிட்டு உன் வேலையப் பாரு.”

“அதனால என்ன ஆகும்?”

“எனக்கென்ன தெரியும்? பெல்ட் போட்டா வண்டி ஓடிடுமா? பெல்ட் போடக் கத்துக்கிட்டா பெல்ட் போடத் தெரியும்.” அவர் விரலை நீட்டினார். “சரி, தினமும் தப்பாம நடக்கிற ஒண்ணு சொல்லு. அதுல கொண்டுபோய் இதக் கட்டி விடணும். இல்லைன்னா மறந்துடுவ.”

“பூட்ஸ் போடுவாரு.”

“அப்ப ரெண்டாவது பூட்ஸ்ல சொல்லு. முதல் பூட்ஸ்ல சொன்னா பயந்துபோய் ஒத்தக் கால்லயே ஓடிடுவான்.”

அடுத்த நாள் காலை ஸ்டூல் இழுபட்டது. அவள் அடுக்களை வாசலில் கையில் துணியோடு நின்றாள். இடது பூட்ஸ். அவன் முதுகு குனிந்து நிமிர்ந்தது. வலது பூட்ஸ். கயிற்றின் இரண்டு நுனிகளையும் அவன் இழுத்தபோது அவள் சொன்னாள்.

“கேஸ் தீரப்போகுது.”

தன் குரல் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது. அவன் கைகள் ஒரு கணம் நின்றன. திரும்பவில்லை. “ம்” என்றான். கட்டி முடித்தான். போய்விட்டான். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தைத் துடைத்தாள். மகிழ்ச்சியும் இல்லை, வெட்கமும் இல்லை. பெல்ட்டைப் போட்டு இறங்கியாயிற்று.

மறுநாள், “மேல்வீட்டுல இருந்து தண்ணி சொட்டுது.”

அதற்கு மறுநாள், “பஸ் வழி மாத்திட்டாங்க.”

வாக்கியத்தை முதல் நாளே தயார் செய்து வைத்துக்கொள்வாள். கூடத்தில் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஏதாவது கண்ணில் பட்டால், ‘இது நாளைக்கு ஆகும்’ என்று எடுத்து வைத்துக்கொள்வாள். இதில் அன்போ ஆசையோ இருந்ததாக அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. வேலையில் ஒரு பல்லை நடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஒன்றையும் பார்க்காமலிருந்த கண், எடுத்து வைக்க ஏதாவது கிடைக்குமா என்று இப்போது பார்க்க ஆரம்பித்திருந்தது. அது மட்டும்தான் மாற்றம். அதை மாற்றம் என்று சொல்வதா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

எட்டாவது நாள் சொல்லவில்லை. ஏன் என்றால் காரணம் இல்லை. வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. ஸ்டூல் இழுபட்டது, இரண்டாவது பூட்ஸ் வந்தது, வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்து, “எனக்கு இது வராது அண்ணி,” என்றாள்.

பின்னால் ஹாரன் சத்தம். “இரு... ஏய், இடது பக்கம், இடது! உன் இடது எதுடா சாமி!” தரையை மிதிக்கும் ஓசை போனிலேயே கேட்டது. “சொல்லும்மா. ரெண்டு நாள் விட்டியா? வண்டி நடு ரோட்ல ஆஃப் ஆனா என்ன பண்ணுவ? கதவத் திறந்து இறங்கி வீட்டுக்கா போவ? திரும்ப சாவியத் திருப்பு. அதே சின்னதுலயே ஆரம்பி. ரெண்டு நாள் விட்டுட்டோமேன்னு மூணு வாக்கியமாச் சொல்லித் தொலைக்காத.”

மறுநாள் அவள் சொன்னாள். “கேஸ் தீரப்போகுது.”

அவன் கயிற்றைப் பிடித்தபடியே சொன்னான். “அது அன்னிக்கே சொன்னியே.”

பல மாதங்களில் அவன் அவளிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். குற்றம் கண்டுபிடிக்கிற வாக்கியம். அவள் அன்று கூடத்தில் ஒரு தாடையின் முன்பற்களை இரண்டு தடவை பிடுங்கி நட வேண்டியிருந்தது. அன்று சொன்னதை அவன் நினைவில் வைத்திருக்கிறான் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு அவள் கவனித்தாள். இடது பூட்ஸின் கயிற்றை அவன் சட்டென்று முடித்துவிடுகிறான். வலது பூட்ஸுக்கு வந்ததும் கை மெதுவாகிவிடுகிறது. ஒருநாள் அவள் அடுக்களையிலிருந்து வரத் தாமதமாயிற்று. கட்டி முடித்த முடிச்சை அவன் அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பல் செட்ல எல்லாப் பல்லையும் நேரா வெச்சா பொய்ப்பல்னு தெரிஞ்சுடும். ஒண்ண மட்டும் துளி திருப்பி வெக்கணும்,” என்று அன்று சொன்னாள்.

அவன் எழுந்து கதவைத் திறந்தான். கதவு மூடும் முன், கட்டை விரலால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்ததை அவள் கண்டாள்.

படிவம் காந்தத்தின் கீழ் அப்படியே வெறுமையாக இருந்தது. இருபது, இருபத்தி மூன்று, இருபத்தி ஆறு. அவன் எழுதவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது. அது எழுதப்படும் நாளில் தனக்கு என்ன ஆகும் என்று அவள் மறுபடி தொட்டுப் பார்த்தாள். மரத்த இடம் மரத்தே இருந்தது.

இருபத்தி ஏழாம் தேதி அவள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம், கூடத்துக்கு எதிரே ஒரு பூனை குட்டி போட்டிருப்பது பற்றியது. ஸ்டூல் இழுபட்டது. இடது பூட்ஸ். வலது பூட்ஸ். அவன் கை மெதுவாயிற்று. அவள் வாயைத் திறந்தாள். பூனைக்குட்டி வரவில்லை.

“அன்னிக்குப் பதினாலு தடவை கூப்பிட்டேன்.”

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதை எடுத்து வைத்த ஞாபகமும் இல்லை. ஒன்பதாம் நாள் குழந்தையை அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே தாழ்வாரத்தில் நின்று அவனைப் பதினான்கு தடவை போனில் கூப்பிட்டாள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போனைக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்கள் விதி. போன் பையோடு மேலே இருக்கும். அவன் குழிக்குள் இருந்தான். அவனுக்குக் கேட்டிருக்காது. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை, அவளும்தான். அதனாலேயே அதைப் பேச இடமில்லாமல் போயிற்று.

அவன் முதுகு அசையவில்லை. பிறகு எழுந்தான். பையை எடுத்தான். போனான். வலது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

நாத்தனார் சொன்னவற்றில் எதைச் செய்யக் கூடாதோ அதைச் செய்தாயிற்று. சரி, என்று நினைத்தாள். இத்தோடு முடிந்தது. அதையும் யாருக்கோ நடந்ததுபோல் நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாலை ஐந்து மணிக்கு அவள் வீடு திரும்பியபோது அவன் ஏற்கெனவே வந்திருந்தான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே வந்து பையை வைக்கவும் அவன் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எதிர்முனைக் குரல் ஒலிபெருக்கி தேவையில்லாத குரல்.

“சார்! நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?”

“யாரு?”

“வாட்ச்மேன் சார், ஒன்பது மாடி பில்டிங்! மெயின் சுவிட்ச்ல உங்க பூட்டு தொங்குது. உங்க போட்டோ தொங்குது. நீங்க உள்ள விழுந்து கிடக்கீங்களோன்னு ஒரு மணி நேரமா குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பேர் சொல்லிக் கத்திட்டு இருக்கோம் சார்! தொண்டையே போச்சு!”

அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே சங்கிலியில் சின்னச் சிவப்புச் சாவி இருந்தது. அவன் முகம் வெளிறுவதை அவள் பார்த்தாள்.

லிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பூட்டு உண்டு. குழிக்குள் இறங்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, அந்தச் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டவனைத் தவிர வேறு யாரும், கம்பெனி முதலாளியே வந்தாலும், தொடக் கூடாது. ஏனென்றால் பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். வெளியே வந்ததும் முதல் வேலை பூட்டை எடுப்பது. பத்தொன்பது வருடத்தில் அவன் எதை மறந்தாலும் இதை மறந்ததில்லை.

அவன் எழுந்தான். “போயி எடுத்துட்டு வரணும்,” என்றான், கதவிடம்.

“நானும் வரேன்,” என்றாள்.

அன்றைக்கு அது இரண்டாவது வாக்கியம். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் அது சேராது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பைகளும் குழந்தைகளும் சைக்கிளுமாக ஒரு கூட்டம் நின்றிருந்தது. “இந்தா, பூட்டுக்குச் சொந்தக்காரர் வந்துட்டாரு!” என்று ஒரு பெண் அறிவித்தாள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல், “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க,” என்றபடி படியேறினான். அவள் பின்னால் ஏறினாள். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, லிஃப்டப் பூட்டுனது சரி. மாடிப்படியையும் சேத்துப் பூட்டிட்டுப் போயிருந்தா நான் கீழேயே நிம்மதியா இருந்திருப்பேன்ல?”

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. வேறொருவர் முகத்தில் பார்ப்பதுபோல் அதைக் கவனித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஒன்பதாம் மாடிக்கும் மேலே ஒரு இரும்புக் கதவு. உள்ளே எண்ணெய் வாடை, சூடு, பெரிய சக்கரம், அதிலிருந்து தரையின் துளைக்குள் இறங்கும் கம்பி வடங்கள். சுவரில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு தொங்கியது. பூட்டின் கீழே அட்டை: ‘ஆபத்து. நான் உள்ளே இருக்கிறேன். இந்தப் பூட்டை நான் மட்டுமே திறப்பேன்.’ படத்தில் இருந்தவன் இளைஞன். முடி நிறைய. யாரோ பக்கத்தில் நின்று சிரிக்க வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ தான்தான் என்பது அவளுக்கு மெதுவாக ஞாபகம் வந்தது.

அவன் சாவியைக் கையில் எடுத்தான். திறக்கவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அன்னிக்கும் இதே மாதிரி ஒரு ரூம்தான்,” என்றான். “பைய ஆணில மாட்டியிருந்தேன்.”

சாவியை உள்ளங்கையில் புரட்டினான்.

“போன் அடிச்சது கேட்டுச்சு.”

சக்கரத்தின் மேல் ஒரு பல்லி ஓடியது.

“கேக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னு இருந்துட்டேன். கேட்டுச்சு. குழி வழியா எல்லாம் கேக்கும். மேல ஏறி வர மூணு நிமிஷம். ஒரே ஒரு போல்ட் பாக்கி, முடிச்சிட்டே போயிடலாம்னு... அதுக்குள்ள நின்னுடுச்சு. நின்னுடுச்சேன்னு அடுத்த போல்ட்டையும் எடுத்தேன். திரும்ப அடிச்சுது. இதோ இதோன்னுட்டு...”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம் இருக்கும்.”

அவன் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது குழந்தை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கழித்துப் பார்க்கச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் வந்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது, டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள். அவனும் குழந்தையைக் கடைசியாக ஒரு தடவை உயிரோடு பார்த்திருப்பான்.

அவள் காத்திருந்தாள். கோபம் வரும், அல்லது அழுகை வரும், ஏதாவது ஒன்று இப்போது வந்தாக வேண்டும் என்று. வரவில்லை. முழங்கால் வலித்தது, ஒன்பது மாடி ஏறியதால்.

“இதச் சொல்லாமலே அந்த ஊருக்குப் போயிருப்பீங்களா?”

“ஆமா,” என்றான். “சொல்லாமப் போறதுக்குத்தான் போறதா இருந்தேன்.”

அவன் இன்னும் சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தினாள்.

“இன்னிக்கு இது போதும்.”

அவன் தலையாட்டினான். சாவியைப் பூட்டில் விட்டுத் திருப்பினான். அட்டையைக் கழற்றி, படம் மடங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சுவிட்சைத் தூக்கியதும் சக்கரம் ஒரு முறை முனகிவிட்டுச் சுழன்றது.

“முதல்ல காலியா ஒரு தடவை கீழ போயிட்டு வரணும்,” என்றான். “அப்புறம்தான் ஆள் ஏறலாம்.”

இருவரும் நின்று பார்த்தார்கள். வடங்கள் ஓடின, நின்றன, திரும்ப ஓடின. ஒன்பதாம் மாடிக்கு இறங்கி, காலியாக வந்து நின்ற லிஃப்டில் ஏறினார்கள். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தபோது அந்தப் பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“எனக்கு ஏழாவது மாடி. பரவாயில்ல, கீழ போயிட்டே மேல போறேன். இனிமே ஒரு படி ஏறமாட்டேன்.” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டம்மாவா? நீ கூட வந்து நின்னாத்தான் வேலை நடக்கும் போலிருக்கே.”

இருவருமே எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது அது வந்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்தாள், ‘ஒரே ஒரு போல்ட்’ என்று அவன் சொன்னது காதில் விழுந்தது, நெஞ்சில் ஊசி முனை அளவுக்கு ஒரு இடம் சுள்ளென்றது. கோபம்தான். மிகச் சின்னது. உடனே போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். வலித்தது. இன்னொரு முறை தொட்டாள்.

ஸ்டூல் இழுபட்டது. அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். இடது பூட்ஸ். வலது பூட்ஸ். இன்று அவளிடம் வாக்கியம் எதுவும் இல்லை. எடுத்து வைத்ததும் இல்லை, தானாக வருவதும் இல்லை. அவன் கட்டி முடித்தான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

“கேஸ் தீரப்போகுதுன்னு சொன்னியே,” என்றான், கயிற்றிடம். “இன்னுமா தீரல?”

“மாத்திட்டேன். பதிமூணாம் தேதியே.”

“யாரு தூக்கினா?”

“நான்தான் தூக்கினேன்.”

“சிலிண்டரையா? சொல்லியிருக்கலாம்ல.”

“ரெண்டு தடவை சொன்னேன்ல!”

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவன் அவள் பக்கம் திரும்பி எவ்வளவோ நாள் ஆயிற்று. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஆமா, சொன்ன,” என்றான்.

எழுந்தான். பையை எடுத்தான். கதவைத் திறந்துகொண்டு ஒரு கணம் நின்றான். ‘வரேன்’ என்று அவன் சொல்லவில்லை. அதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும்.

காலடி ஓசை இறங்கி மறைந்த பிறகு அவள் குளிர்சாதனப் பெட்டியின் முன் வந்து நின்றாள். காந்தத்தை நகர்த்திப் படிவத்தை எடுத்தாள். மேசையில் வைத்து மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தாள். உடன் வருபவரின் பெயர், வயது, உறவு. அவன் மேல் இருந்த கோபம் சுள்ளென்று அங்கேயே இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும். பேனாவின் மூடியைத் திறந்து, முதல் கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதினாள்.

வயதையும் உறவையும் எழுதவில்லை. கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. படிவத்தைத் திரும்பக் காந்தத்தின் கீழ் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று செருப்பைத் தேடினாள்.